குரல் மட்டும் போதும் என்றவர்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

நம் ஃப்ரீலான்ஸ் வாட்ஸ்அப் குழுவை நடத்துபவர் போன வாரம் கூப்பிட்டார். "அருள், நீங்க சீனியர். புதுசா சேர்ந்தவங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க. கொஞ்சம் மோட்டிவேஷனா இருக்கட்டும்" என்றார். முப்பதைக்கூடத் தொடாதவனைப் பிடித்து மூத்தவன் ஆக்கிவிடுகிற தொழில் இது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இதில் பணி ஓய்வு, பிரிவு உபசார விழா, சந்தன மாலை எதுவும் கிடையாது. போன் அடிப்பது நின்றுபோனால் ஓய்வு பெற்றுவிட்டோம் என்று நாமே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஊக்கம் வேண்டும் என்றால் அதை விற்பதற்குத் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, காஞ்சிபுரம் வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு, "இனிமேல் நீங்கள்தான் உங்கள் முதலாளி" என்று மேடையில் குதிப்பார்கள். நானும் ஒருமுறை போய் உட்கார்ந்திருக்கிறேன். ஃப்ரீலான்ஸ் வேலை செய்வது எப்படி என்று சொல்லிக் கொடுத்தவர், சொல்லிக் கொடுப்பதைத் தவிர வேறு எந்த வேலையும் செய்ததாகத் தெரியவில்லை. மத்தியானச் சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது.

உங்களுக்கு முதலாளி இல்லை என்று அவர்கள் சொல்வது பொய். முன்பு ஒருவர் இருந்தார். இப்போது தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். பழைய முதலாளிக்காவது உங்கள் பெயர் தெரியும்.

நான் தாமலைச் சேர்ந்தவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். விடியற்காலையில் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறி, சாப்பாட்டு டப்பாவும் பூச்சுக் கரணையுமாக முக்கில் நிற்பார். மேஸ்திரி வந்து கை காட்டினால் வேலை. காட்டாவிட்டால் திரும்பி வருவார். அவருக்கு ஆபீஸ் இல்லை, விடுமுறை இல்லை, விருப்பப்பட்டால் போகலாம், விருப்பமில்லாவிட்டால் வீட்டில் படுத்துக்கொள்ளலாம். மேடைக்காரர்கள் சொன்ன அத்தனை சுதந்திரமும் அவருக்கு இருந்தது. ஆனால் அவரை யாரும் ஃப்ரீலான்ஸர் என்று அழைத்ததில்லை. கூலியாள் என்றுதான் சொன்னார்கள். பெயரை மாற்றிச் சொன்னதும் நமக்குக் கோட்டு போட்டுக்கொள்ள ஆசை வந்துவிட்டது.

கல்லூரி முடித்து, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்தேன். வீட்டு வாசலுக்கே கம்பெனி பஸ் வரும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை வீட்டுக்கு வந்த பிறகும் கழற்றக் கூடாது என்பது அம்மாவின் ஆசை. கழிவறைக்குப் போகவும் அந்த அட்டையைத் தேய்க்க வேண்டியிருந்ததால், ஒருநாள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். லீவு நாட்களில் வீடியோ எடிட்டிங் கற்று வைத்திருந்தேன். காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைக்குப் பஞ்சமில்லை. கடைக்குக் கடை யூடியூப் சேனல் வைத்துப் புடவையை வீடியோவில் விற்க ஆரம்பித்திருந்தார்கள். படம் பிடிக்க, வெட்டி ஒட்ட ஆள் வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்துகொண்டேன்.

எனக்குப் பெண் பார்க்க வந்த தரகரிடம் அம்மா பேசியதை மட்டும் கேளுங்கள்.

"பையன் என்னா பண்றாருமா?"

"வீட்லதான் இருக்கான். கம்ப்யூட்டர்ல."

"அப்ப வேலை இல்லீங்களா?"

"வேலை இருக்குதுங்க. ஆபீஸ்தான் இல்ல."

"அப்ப இல்லன்னுதான சொல்றீங்க" என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

இதையெல்லாம் சொல்வது உங்களைச் சிரிக்க வைக்க. இனிமேல் சொல்லப் போவதற்குச் சிரிக்க வேண்டாம். எனக்கு வேலை கொடுத்த ஒரு கடையையும், அந்தக் கடைக்குப் பேசிய ஒரு பெண்ணையும் பற்றியது அது. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த பாடம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் இதற்குள்தான் இருக்கிறது.

அவர் பெயர் பவானி. ஓரிக்கையில் வீடு. கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் கடையிலேயே புடவை எடுத்துக் காட்டும் வேலையில் இருந்தவர். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டு நின்றுவிட்டு, பிறகு வீடியோ எடுக்கும் நாட்களில் மட்டும் வந்து பேசிவிட்டுப் போவார். அவரும் நம் இனம்தான், ஃப்ரீலான்ஸ். நான் கேமராவுக்குப் பின்னால், அவர் முன்னால். முகம் பெரும்பாலும் தெரியாது. புடவையும் கையும் குரலும்தான் வரும்.

அந்தக் குரலுக்கு ஊர் ஊராக ஆட்கள் இருந்தார்கள். பவானியக்கா விற்கிற மாதிரியே பேச மாட்டார். "இந்தக் கலரு வேணாம் வுடுங்கமா, லைட்டு போட்டாதான் நல்லா இருக்கும், மண்டபத்துல கரண்டு போனா இன்னா பண்ணுவீங்க?" என்பார். "இதைக் கட்டிக்கினு போனா மாமியாரே கேட்டு வாங்கிக்குவாங்க, ரெண்டா எடுத்துக்குங்க" என்பார். பட்டோடு வேறு நூல் கலந்த புடவை வந்தால் அதை மறைக்க மாட்டார். "இது கலப்பும்மா. அழகா இருக்குது, விசேஷத்துக்குக் கட்டலாம். முகூர்த்தத்துக்கு எடுக்காதீங்க" என்று நேராகவே சொல்லிவிடுவார். முதலாளிக்கு இதில் எரிச்சல். ஆனால் அப்படிச் சொல்வதால்தான் மற்றதெல்லாம் விற்கிறது என்பது அவருக்கும் தெரியும். அதனால் பல்லைக் கடித்துக்கொள்வார்.

இன்னொரு காரணமும் இருந்தது. முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்களுக்கு முதல் புடவையை யார் பிரித்துக் காட்டுவது என்பது இந்த ஊரில் விளையாட்டான விஷயம் இல்லை. ராசியான கை என்று ஒருவருக்குப் பெயர் வந்துவிட்டால், பில் போடுகிற இடத்தில் இருந்தாலும் எழுப்பிக் கூட்டி வந்து பாயில் உட்கார வைப்பார்கள். பவானியக்காவுக்கு அந்தப் பெயர் உண்டு. அவர் பிரித்த புடவையில் கல்யாணமான பெண்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று முதலாளி மனதார நம்பினார். மனதார நம்பியதால் மரியாதையாக நடத்தினார் என்று நினைத்துவிடாதீர்கள். பவானியக்காவுக்குக் காய்ச்சல் வந்து வர முடியாமல் போனபோது, "நீ என்ன ஸ்டாஃபா, உனக்கு எதுக்கு லீவு?" என்று கேட்டவர் அவர். அதே பவானியக்கா எதிர் வரிசையில் இன்னொரு கடைக்கும் பேசத் தொடங்கியபோது, "நீ நம்ம ஸ்டாஃப் ஆச்சே, அங்க எப்டி போவலாம்?" என்று கேட்டவரும் அவர்தான். ஸ்டாஃப் என்ற சொல்லை வாசல் கதவைப் போல வைத்திருந்தார். தன் பக்கம் வரும்போது திறக்கும், நம் பக்கம் வரும்போது மூடும்.

ஆடி மாதம். முகூர்த்தம் கிடையாது, எனக்கு வேலையும் கிடையாது. அப்போது கூப்பிட்டு அனுப்பினார்.

"வா நைனா, உக்காரு. காபி சொல்லட்டா?"

முதலாளி தானாகக் காபி வரவழைத்தால் ஓடுவதற்குத் தயாராகச் செருப்பின் பக்கம் உட்காருங்கள்.

"பவானி பேசுனதெல்லாம் உன்கிட்ட இருக்குதில்ல?"

"இருக்குது முதலாளி. ஆரம்பத்துலேர்ந்து எல்லாமே."

"அதைக் கம்ப்யூட்டர்ல குடுத்தா அதே மாதிரி பேசுதாமே. என் மச்சான் புள்ள போன்ல காட்னான், அசந்துட்டேன்பா. செத்துப்போனவங்கள்லாம் பேசறாங்க."

"பவானியக்கா உயிரோடதான இருக்காங்க?"

"அதான்பா பிரச்சினையே" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. "என் கடையில ஏறுன ராசி. இப்ப எதிர் வரிசையில போயி எறங்குது. ஆளு எங்க வேணா போவட்டும், நான் தடுக்கல. எனக்கு குரல் மட்டும் போதும்."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேட்டா ஒத்துக்குவாளா? ஒத்துக்கறதா இருந்தா உன்ன எதுக்குக் கூப்புடறேன்? அவ காதுல மட்டும் போடாத. தொழில் ரகசியம்."

காபி வந்தது. கூடவே தூண்டிலும் வந்தது. "உங்க வூட்ல பொண்ணு பாக்கறாங்களாம், ஒண்ணும் அமையலையாம். கவலைப்படாத. டிஜிட்டல் மேனேஜர்னு போட்டு ஒரு கார்டு அடிச்சி கழுத்துல மாட்டி வுட்டர்றேன். மாமனாருங்க க்யூவுல நிப்பானுங்க."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு காபி வரும், அன்றைக்கு நினைவுக்கு வரட்டும் என்பதற்காக.

நெருக்கடியில் நம் மூளை வக்கீல் ஆகிவிடுகிறது, அதுவும் எதிர்க்கட்சி வக்கீல். அந்தக் காபி ஆறுவதற்குள் என் மூளை எடுத்துவைத்த வாதங்களைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். குரல் என்னுடையது இல்லையே, எனக்கென்ன? அக்காதான் வேறு கடைக்குப் போய்விட்டாரே, இவர் என்ன செய்வார் பாவம்? விஞ்ஞானத்தை யாரால் தடுக்க முடியும்? வேறு எவனோ மோசமாகச் செய்வதற்கு, நான் நன்றாகச் செய்து கொடுத்தால் அக்காவுக்கும் கௌரவம்தானே? கடைசி வாதம் எனக்கே பிடித்திருந்தது.

நான் பெரிய நியாயவான் என்பதால் தப்பிக்கவில்லை. அவர் சொன்ன 'தொழில் ரகசியம்' என்ற சொல்தான் உறுத்தியது. ஒரு கடையின் விஷயத்தை இன்னொரு கடைக்காரரிடம் சொல்லக் கூடாது. சரி, அது தொழில். ஆனால் யாருடைய பொருளோ அவரிடமே சொல்லக் கூடாது என்றால் அது தொழில் ரகசியம் ஆகாது, திருட்டு. இதைக் கண்டுபிடிக்கப் பட்டப்படிப்பு தேவையில்லை. எதை மறைக்கச் சொல்கிறார்கள் என்று பார்க்காமல், யாரிடம் மறைக்கச் சொல்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

"எனக்கு வராது முதலாளி" என்றேன்.

"வராதுன்னா கத்துக்கோ."

"கத்துக்க இஷ்டம் இல்ல."

"ஓகோ. பெரிய மனுசன் ஆயிட்ட. சரி, காபிய குடிச்சிட்டுப் போ."

குடிக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேராக ஓரிக்கைக்குப் போனேன். வேலையை மறுத்ததைவிட, அன்றைக்கே போனதுதான் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று இப்போது தோன்றுகிறது.

பவானியக்கா தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். "இன்னா அருளு, இந்த நேரத்துல? வீடியோ தேதி மாத்திட்டாங்களா?"

சொன்னேன். குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டுச் சிரித்தார். "என் குரலா? எங்க வூட்டுக்காரரு காதைப் பொத்திக்கறாரு, அதைப் போயி திருடறாங்களா? ஐயோ பாவம்."

"சிரிக்காதீங்கக்கா. நெஜமாவே முடியும்."

"அது இன்னாடா பேசும்?"

"எழுதிக் குடுக்கறதைப் பேசும்."

"எது எழுதிக் குடுத்தாலுமா?"

"எது குடுத்தாலும்."

குடம் நிரம்பி வழிந்தது. பின்னால் நின்றிருந்த அம்மாள், "பவானி, எடுக்கறியா இல்லியா?" என்று சத்தம் போட்டார். பவானியக்கா எடுக்கவில்லை.

"அப்ப கலப்புப் பொடவையைக் காட்டி, சுத்தப் பட்டுன்னு சொல்லும்."

தலையாட்டினேன்.

"நாளைக்கு ஒரு பொண்ணு வூட்டுக்காரங்க பஸ் ஸ்டாண்டுல என்ன நிறுத்தி, 'நீதானமா சொன்ன, நம்பி எடுத்தோமே'ன்னு கேட்டா நான் இன்னாடா சொல்லுவேன்? நான் சொல்லலன்னா எவன் நம்புவான்? என் குரலாச்சே. என்கிட்ட வேற இன்னா இருக்குது? நான் சொன்னா சரியா இருக்கும்ங்கறாங்களே, அது ஒண்ணுதான."

என்னிடமிருந்த பதிவுகள் எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்துவிட்டு, என் கணினியிலிருந்து அழித்தேன். வீரம் என்று நினைத்துக்கொண்டேன். சேனலில் அவர் பேசிய வீடியோக்கள் உலகம் பார்க்கக் கிடக்கின்றன என்பது அந்த வீரத்தில் மறந்துவிட்டது.

வேலையை வேறொருவர் செய்து கொடுத்தார். வெளியூர்க்காரர் இல்லை, நம் குழுவில் இருப்பவர். வாய்ஸ் ப்ராஜெக்ட் முடிந்தது என்று குழுவில் அறிவித்து, கை முறுக்கிக் காட்டும் படம் வேறு போட்டார். நாற்பது பேர் கைதட்டினீர்கள். பெயர் சொல்ல மாட்டேன்; இதைப் படித்துக்கொண்டிருப்பார். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் பண்ணலன்னா வேற ஒருத்தன் பண்ணுவான் ப்ரோ" என்றார்.

இந்த 'வேற ஒருத்தன்' இருக்கிறானே, அவனைப் போல உழைப்பாளி நாட்டில் கிடையாது. எல்லா அயோக்கிய வேலையும் அவன் தலையில்தான். நாம் செய்யாவிட்டால் அவன் செய்துவிடுவான் என்று பயந்து, அவனுக்கு முன்னால் ஓடிப்போய் நாமே செய்துவிடுகிறோம். அவனை மட்டும் இதுவரை ஒருவரும் நேரில் பார்த்ததில்லை.

என் அப்பா நிற்கும் முக்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மேஸ்திரி ஓர் ஆளை ஏமாற்றினான் என்று தெரிந்தால், மறுநாள் காலையில் அவன் வந்து கை காட்டும்போது எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பீடி பற்ற வைப்பார்கள். கூட்டம் போட மாட்டார்கள், கோஷம் போட மாட்டார்கள். அவன் கை வலிக்கும்வரை காட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். அவர்களுக்குக் குழு கிடையாது, குழுவுக்கு அட்மின் கிடையாது, முகப்புப் படம் கிடையாது. நமக்கு எல்லாம் இருக்கிறது. நம் குழுவில் ஒருவன் ஒரு வேலையை மறுத்தால், 'அது யாருடைய வேலை, எனக்குக் கிடைக்குமா' என்று அடுத்த நிமிடமே தனிச் செய்தி வருகிறது.

வீடியோ வந்தது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 'அக்கா சூப்பர்' என்று வழக்கம்போல எழுதினார்கள். பவானியக்காவின் கணவரே சவாரிக்கு நடுவில் போன் செய்து, "இன்னிக்குக் கடைக்குப் போறேன்னு சொல்லவே இல்லியே?" என்று கேட்டாராம். நல்லது செய்கிறவன் பக்கம் உலகம் நிற்கும் என்று உங்களிடம் யாராவது சொன்னால், இதைச் சொல்லுங்கள்.

அக்கா கடைக்கே போய்க் கேட்டார். முதலாளி அமைதியாகப் பதில் சொன்னார்: "உன் குரல் உன்கிட்டதான இருக்குது? இதோ பேசிக்கினு தான இருக்குற? நான் இன்னா எடுத்துட்டேன்?"

காவல் நிலையத்துக்கும் போனோம். என்ன காணாமல் போனது என்று கேட்டார்கள். குரல் என்றோம். "இப்ப பேசறது யாரு?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

அடுத்து, எதிர் வரிசைக் கடைக்காரர், "உன் குரல் அங்கயும் கேக்குது, இங்கயும் கேக்குது, கஸ்டமரு குழம்பறாங்கமா" என்று சொல்லி அவரை நிறுத்திவிட்டார். தன் குரலிடமே வேலையைப் பறிகொடுத்தவர் இந்த ஊரில் பவானியக்கா ஒருவர்தான். பிறகு அவர் பயந்ததும் நடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் போனைக் கொண்டு வந்து நீட்டி, "அக்கா, நீங்க சொன்னீங்களேன்னு இதை எங்க நாத்தனாருக்கு எடுக்கச் சொல்லியிருக்கேன்" என்றாள். போனில் அக்காவின் குரல் ஒரு கலப்புப் புடவையைச் சுத்தப் பட்டு என்று சத்தியம் செய்துகொண்டிருந்தது. அன்றைக்கு முதலாளியின் எண்ணைத் தன் போனில் தடுத்துவிட்டு, என்னிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: "நான் பொய் சொல்றவளா ஆயிட்டேனா அருளு?"

கடைசியாக நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அதற்கு முன் ஒன்று: இதை வெற்றிக் கதை என்று எடுத்துக்கொண்டு யாரும் கோட்டு தைக்கப் போக வேண்டாம். நான் அந்தக் கடை வேலையை இழந்தேன், திரும்பக் கிடைக்கவில்லை. பவானியக்கா இப்போது யாருக்குப் பேசினாலும், பேசியதைத் தவிர வேறு எதற்கும் தன் குரலைத் தொடக் கூடாது என்று முதலில் எழுதி வாங்கிக்கொள்கிறார். அதைக் கேட்டுப் பாதிப் பேர் போய்விடுகிறார்கள். நீங்களும் எழுதி வாங்குங்கள். பாதிப் பேர் போவார்கள். போகட்டும்.

ஆவணி பிறந்து முதல் முகூர்த்தக் கூட்டம். மத்தியானம் முதலாளியிடமிருந்து போன்.

"அருளு, தங்கம், எங்கப்பா இருக்குற?"

தங்கம் என்றதும் கையில் இருந்த சோற்றை வைத்துவிட்டேன்.

செய்யாறிலிருந்து ஒரு வேன் நிறையக் கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மூத்த பெண்ணுக்குப் பவானியக்கா கையால் பிரித்த புடவையைத்தான் எடுத்திருக்கிறார்கள். அவள் நன்றாக இருக்கிறாள். இளையவளுக்கும் அந்தக் கைதான் முதல் புடவையைப் பிரிக்க வேண்டும் என்று பெண்ணின் அம்மா பாயை விட்டு எழ மாட்டேன் என்கிறார். பவானி லீவு என்று முதலாளி சொல்லிப் பார்த்தாராம். "நேத்துகூட வீடியோல பேசுச்சே, அதுக்குள்ள எங்க போயிடும்? வரட்டும், உக்காந்துக்கினு இருக்கோம்" என்றாராம் அந்த அம்மாள்.

"போன் எடுக்க மாட்டேங்குதுப்பா. நீ கொஞ்சம் கூட்டிக்கினு வந்துடு."

ஓரிக்கையில் போய் விஷயத்தைச் சொல்லி, "போவாதீங்கக்கா" என்றேன்.

"ஏன், அதான் என் குரலை வெச்சிருக்கானே. அது கை நீட்டிப் பிரிக்க வேண்டியதுதான?" என்றார். சொல்லிக்கொண்டே தலையை வாரினார். "செய்யாறுலேர்ந்து வந்துருக்காங்க. அந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சி பாவம்? வண்டிய எடு."

கடையில் பாய் நிறைய ஆட்கள். சுவரில் பெரிய டிவி. அதில் கடையின் வீடியோக்கள் ஒன்று மாற்றி ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன, பவானியக்காவின் குரலில். அக்கா உள்ளே நுழைந்ததும், "வந்துட்டியாமா, வா வா" என்று பெண்ணின் அம்மா இடம் ஒதுக்கினார். அக்கா உட்கார்ந்து, முதல் புடவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தார். முந்தியை விரித்தார். அடுத்ததை எடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

"இன்னாமா, வீடியோல அவ்ளோ பேசுற, நேர்ல வாயே தொறக்க மாட்டேங்குற?"

அக்கா சிரித்தார். இன்னொன்றைப் பிரித்தார். கல்யாணப் பெண் பக்கத்தில் நகர்ந்து வந்து, "அக்காவுக்குத் தொண்டை சரியில்ல போலமா" என்றாள்.

டிவியில் அரக்கு நிறத்தில் பச்சை பார்டர் போட்ட புடவை ஒன்று வந்தது. பெண்ணின் அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. அதையே எடுக்கச் சொன்னார். விற்பனைப் பையன் கொண்டு வந்து அக்காவின் மடியில் வைத்தான். அக்கா பிரித்தார். விரலால் நெருடிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"சுத்தப் பட்டுதானமா இது?"

அக்கா முதலாளியைப் பார்த்தார்.

டிவி பதில் சொன்னது: "சுத்தப் பட்டும்மா, கண்ண மூடிக்கினு எடுங்க."

எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள். பிறகு அக்காவின் வாயைப் பார்த்தார்கள். மூடியிருந்த வாய் மூடியபடியே இருந்தது.

"அங்க சொல்றீங்க, இங்க கேட்டா சொல்ல மாட்டேங்கறீங்க" என்றாள் பெண். "அது நீங்கதானக்கா?"

"சொல்லும்மா பவானி. கேக்கறாங்கல்ல" என்றார் முதலாளி. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா அசையவில்லை. டிவி மறுபடியும் தொடக்கத்திலிருந்து அதே புடவையைப் புகழ ஆரம்பித்தது. பெண்ணின் அம்மா மடியிலிருந்த பையைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்னால் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி கல்லாவுக்குப் போனார். பில் புத்தகத்தை நகர்த்தினார், சாமி படத்துக்குப் பின்னால் தேடினார், ரிமோட்டைக் கண்டுபிடித்து டிவியை நோக்கி நீட்டினார். அது உடனே நிற்கவில்லை. பக்கத்தில் போய் ஒயரைப் பிடுங்கினார்.

அக்கா மடியிலிருந்த புடவையை மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

"இது கலப்பும்மா" என்றார் பவானியக்கா. "முகூர்த்தத்துக்கு வேணாம். எழுந்து உள்ள வாங்க, அரக்குலயே நல்லது இருக்குது, நான் காட்றேன்."